கிப்லாவைக் கணக்கிடக் கற்பித்த கிதாபுகள்



சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்த வேளையில், நம் மத்ரஸா மாணவர் ஒருவர் தம் தந்தையின் கைபேசியைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். அதில் கிப்லாவைக் காட்டும் செயலி திறந்திருந்தது. "உஸ்தாத், நாம் நேர் மேற்காகத்தான் நிற்கிறோம். இந்த அம்பு வலப்பக்கம் சாய்கிறதே. இந்தக் கணக்கை முதலில் போட்டவர் யார்?" என்று கேட்டார்.

நாம் தயங்காமல் பதில் கூறினோம். முக்கோணவியல் என்னும் கலையே முஸ்லிம் அறிஞர்களின் கண்டுபிடிப்பு என்றும், அல்பீரூனீ, அத்தூஸீ போன்ற மேதைகளிடமிருந்து ஐரோப்பா அதைக் கற்றுக்கொண்டது என்றும் சொன்னோம். மீலாது மேடைகளில் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் வாசகம் அது. மாணவர் விடவில்லை. "எந்தக் கிதாபில் இருக்கிறது உஸ்தாத்? அதில் என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. பெயர்களை அடுக்கத் தெரிந்த நமக்கு, அந்தப் பெயருக்குரியவர்கள் எழுதியவற்றில் ஒரு பக்கத்தின் பொருள்கூடத் தெரிந்திருக்கவில்லை. ஒரு ஹதீஸைச் சொன்னால் அதன் ஸனதைக் கேட்கும்படி மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நாம், ஸனத் இல்லாத பெருமை ஒன்றைப் பல்லாண்டுகளாகப் பேசிவந்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது. அதன்பின் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

தரையின் முக்கோணமும் கோளத்தின் முக்கோணமும்

முதலில் கணக்கு என்னவென்று விளங்கிக்கொள்வோம். தாளில் வரையும் முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும். இது தள முக்கோணம். பூமியோ உருண்டையானது. அதன் மேல் இரு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பெருவட்டம் ஒன்றின் வில்லாகவே அமையும். அத்தகைய மூன்று விற்களால் ஆவது கோள முக்கோணம். நிலநடுக்கோட்டில் 90 பாகை இடைவெளியில் இரண்டு இடங்களைக் குறித்து, இரண்டிலிருந்தும் வட துருவத்திற்குக் கோடு இழுத்தால் மூன்று கோணங்களும் செங்கோணங்களாகும், கூட்டுத்தொகை 270. ஆகவே தளத்தின் விதிகள் கோளத்திற்கு அப்படியே பொருந்தமாட்டா.

கிப்லாவின் கணக்கு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நம் ஊர், மக்கா, வட துருவம் ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்தால் ஒரு கோள முக்கோணம் கிடைக்கும். நம் அட்சரேகையும் மக்காவின் அட்சரேகையும் தெரிந்தால் இரு பக்கங்கள் தெரியும். இரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு தெரிந்தால் அவ்விரு பக்கங்களுக்கு இடையிலான கோணம் தெரியும். நம் ஊரில் அமையும் கோணமே கிப்லாவின் திசை. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் அந்தக் கிதாபுகள் கற்பித்தன.

கலையின் ஸனத்

இக்கலையின் தொடரைப் பின்னோக்கிச் சென்று பார்த்தபோது, தொடக்கத்தில் முஸ்லிம்கள் இல்லை என்பதைக் கண்டோம். கி.பி. 100ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த மெனலாஸ் என்ற கிரேக்க அறிஞர் கோள முக்கோணங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் கிரேக்க மூலம் அழிந்துபோயிற்று. அரபி மொழிபெயர்ப்பில்தான் அது உயிர்பிழைத்தது. அதே நகரைச் சேர்ந்த தாலமி, 2ஆம் நூற்றாண்டில், வட்டத்தின் நாண்களுக்கு அரைப் பாகை இடைவெளியில் அட்டவணை அமைத்தார். அவருடைய நூலே அரபியில் 'அல்மஜிஸ்தீ' எனப் பெயர்பெற்றது.

அடுத்த கண்ணி இந்தியாவினுடையது. கி.பி. 499இல் ஆரியபட்டர் முழு நாணுக்குப் பதிலாக அரைநாணை எடுத்துக்கொண்டு 24 மதிப்புகளைக் கொடுத்தார். இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சைன் அதுதான். சமஸ்கிருதத்தில் அதற்கு 'ஜ்யா', 'ஜீவா' என்று பெயர். வில்லின் நாண் என்பது பொருள். தமிழிலும் வில், நாண் என்றே சொல்கிறோம். அரபியிலும் கவ்ஸ் என்றால் வில், வதர் என்றால் நாண். மூன்று மொழிகளும் ஒரே உவமையைக் கைக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

இந்தியச் சொல்லை அரபியர் 'ஜீபா' என எழுதினர். ஹரகத் இல்லாமல் எழுதும்போது அது ஜீம், யா, பா என்னும் எழுத்துகளாகவே நின்றது. நாளடைவில் அதை 'ஜைப்' என்று படித்தனர். ஜைப் என்றால் சட்டையின் மார்புத் திறப்பு. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் கையை நுழைத்த நிகழ்ச்சியில் திருக்குர்ஆன் ஆளும் சொல். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அப்பொருளையே எடுத்துக்கொண்டு 'சைனஸ்' என்றனர். ஹரகத் இல்லாத கிதாபைப் படித்துத் தடுமாறும் நம் மாணவர்களுக்கு இச்செய்தி ஆறுதலாக இருக்கும். ஒரு ஹரகத்தின் குறை, உலகம் முழுவதும் வழங்கும் கணிதச் சொல் ஒன்றையே உருவாக்கியிருக்கிறது.

முஸ்லிம் அறிஞர்கள் சேர்த்தது

அப்படியானால் நம் முன்னோர் செய்தது என்ன? பெற்றதை அப்படியே கடத்திவிட்டார்களா? இல்லை. 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மீ இந்திய முறையில் அமைத்த வானியல் அட்டவணைகளில் சைன் இடம்பெற்றது. அதே நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹபஷ் அல்ஹாஸிப் நிழலுக்கு அட்டவணை அமைத்தார். அரபியில் நிழல் என்பது 'ழில்'. நட்டுவைத்த குச்சியின் நிழல் சூரியனின் உயரத்தைப் பொறுத்து எவ்வளவு நீளும் என்பதே அவ்வட்டவணையின் பொருள். இன்று டேன்ஜென்ட், கோடேன்ஜென்ட் என்று சொல்லப்படுபவை இந்த நிழல்களே. அஸரின் வக்தை நிழலைக் கொண்டே அறிகிறோம் அல்லவா? நண்பகல் நிழலுடன் பொருளின் உயரம் ஒரு மடங்கு கூடும்போது ஷாஃபிஈ மத்ஹபிலும், இரு மடங்கு கூடும்போது ஹனஃபீ மத்ஹபிலும் அஸர் நுழைகிறது. இந்த மஸ்அலாவைக் கணக்காக எழுதினால் அது கோடேன்ஜென்ட் கணக்காகவே வரும்.

மிகப் பெரிய மாற்றம் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. மெனலாஸின் தேற்றம் நான்கு பெருவட்ட விற்கள் ஒன்றையொன்று வெட்டும் வடிவத்தைக் கொண்டது. வெட்டுகின்ற வடிவம் என்ற பொருளில் அதை 'அஷ்ஷக்லுல் கத்தாஃ' என்றனர். அதைப் பயன்படுத்த ஆறு அளவுகள் வேண்டும். ஐந்து தெரிந்தால்தான் ஆறாவதைப் பெறலாம். எவ்விடத்தில் எந்த விகிதத்தை வைப்பது என்பதிலேயே மாணவர் குழம்பிவிடுவர். இந்தச் சிக்கலைத் தீர்த்தது சைன் விதி. கோள முக்கோணத்தில் ஒவ்வொரு பக்கத்தின் சைனுக்கும் அதன் எதிர்க்கோணத்தின் சைனுக்கும் உள்ள விகிதம் ஒன்றாகவே இருக்கும் என்பது அவ்விதி. நான்கு அளவுகள் போதும். மூன்று தெரிந்தால் நான்காவது வந்துவிடும். பழைய வடிவத்தின் தேவையைப் போக்கிவிட்டதால் இதற்கு 'அல்முக்னீ' என்று பெயரிட்டனர்.

இதைக் கண்டவர் யார் என்பதில் அக்காலத்திலேயே பிணக்கு எழுந்தது. பக்தாதின் அபுல் வஃபா அல்பூஸ்ஜானீ, குவாரிஸ்மின் அபூ நஸ்ர் மன்சூர், அல்குஜன்தீ ஆகிய மூவரும் இதற்கு உரிமை கொண்டாடினர். அபூ நஸ்ரின் மாணவரான அல்பீரூனீ, தம் இளமையிலேயே எழுதிய 'மகாலீது இல்மில் ஹய்ஆ' என்னும் நூலில் அந்தப் பிணக்கையும் பதிவுசெய்திருக்கிறார். கோள முக்கோணவியலை முறைப்படுத்திக் கூறிய முற்கால நூல்களுள் அது ஒன்று. பிற்காலத்தில், 1025இல், கஸ்னாவில் அவர் முடித்த 'தஹ்தீது நிஹாயாதில் அமாகின்' என்னும் நூலில், ஊர்களின் இருப்பிடங்களை அளந்து கஸ்னாவின் கிப்லாவைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அடுத்த பெயர் மத்ரஸாவில் பயிலும் நமக்கு மிகவும் நெருக்கமானது. 11ஆம் நூற்றாண்டில் அந்தலுஸ் நாட்டின் ஜய்யான் நகரைச் சேர்ந்த இப்னு முஆத் அல்ஜய்யானீ என்பவர் 'கோளத்தின் அறியப்படாத விற்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். வானியலின் துணைப் பகுதியாக இல்லாமல் கோள முக்கோணத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட முதல் நூல் இது என்பர் வரலாற்றாசிரியர். இவர் தொழிலால் காழி. தீர்ப்பு வழங்கியவரும் கோளத்தின் வில்லை அளந்தவரும் ஒருவரே. தீன் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று நாம் இன்று எழுப்பியிருக்கும் சுவர் அவருடைய வீட்டில் இருக்கவில்லை.

அத்தூஸீயின் பாடநூல்

இந்தச் சிதறல்கள் அனைத்தையும் ஒரே பாடமாக ஒழுங்குபடுத்தியவர் நஸீருத்தீன் அத்தூஸீ. 1201இல் தூஸ் நகரில் பிறந்து, ஹிஜ்ரி 672இல், அதாவது 1274இல், பக்தாதில் மறைந்தார். அவருடைய கொள்கைச் சார்பும், ஹுலாகூவின் அவையில் அவர் வகித்த இடமும் வரலாற்றில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுபவை. அந்த விவாதத்திற்குள் நாம் இங்கு செல்லவில்லை; அவருடைய நூலை மட்டுமே நோக்குகிறோம்.

1258இல் பக்தாத் வீழ்ந்தது. 1259இல் மராகாவில் வானாய்வுக் கூடம் எழும்பத் தொடங்கியது. 1260இல் 'கிதாபு ஷக்லில் கத்தாஃ' அரபியில் வெளிவந்தது. கிலாஃபத்தின் தலைநகர் சூறையாடப்பட்டு இரண்டே ஆண்டுகள் கடந்த நிலையில், ஒருவர் அமர்ந்து பாடநூல் எழுதியிருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நூல் ஐந்து மகாலாக்களாக அமைந்தது. முதலில் கூட்டு விகிதங்கள். அடுத்துத் தளத்தில் அமையும் வெட்டு வடிவம். மூன்றாவதில் கோளத்திற்கு வேண்டிய முன்விதிகள், சைன்கள், தள முக்கோணங்கள். நான்காவதில் கோளத்தில் அமையும் வெட்டு வடிவம். ஐந்தாவதில் அவ்வடிவத்தின் தேவையைப் போக்கும் எளிய வழிகள். தள முக்கோணத்திற்குரிய சைன் விதியை அவர் தெளிவாகக் கூறி நிறுவினார். செங்கோணக் கோள முக்கோணத்தில் கொடுக்கப்படும் அளவுகளை ஆறு வகைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தீர்வு காட்டினார். மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்திருந்தாலும் பக்கங்களைக் காணும் வழியைச் சொன்னார். தளத்தில் இது இயலாது. ஒரே கோணங்களைக் கொண்ட முக்கோணங்கள் சிறிதாகவும் பெரிதாகவும் இருக்கலாம். கோளத்தில் கோணங்களே பக்கங்களைத் தீர்மானித்துவிடுகின்றன.

தள முக்கோணமும் கோள முக்கோணமும் ஒரு தனிக் கலையாக, வானியலுக்கு வெளியே, முழுமையாக இடம்பெற்ற முதல் நூலாக இதைப் பலரும் கருதுகின்றனர். நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஒரு விதிக்குப் பல நிறுவல்கள் இருந்தால் அவற்றை அடுத்தடுத்துத் தந்து, எது எவருடையது என்று பெயரிட்டே அத்தூஸீ எழுதுகிறார். அபுல் வஃபா, அபூ நஸ்ர், அல்குஜன்தீ, அல்பீரூனீ ஆகியோர் அவருடைய நூலில் தத்தம் உரிமையுடன் நிற்கிறார்கள். மெனலாஸின் வடிவத்தை நீக்கும் வழியைக் கற்பிக்கும் முன், அதற்கு முழுமையான இடம் அளிக்கிறார். நூலின் பெயரும் அவ்வடிவத்தின் பெயரே. கணிதத்தில் ஸனத் பேணுவது எப்படி என்பதை அதில் காணலாம்.

மேற்கே சென்ற வழி

மேடையில் நாம் சொன்ன மற்றொரு வாசகத்தையும் திருத்தவேண்டும். ஜெர்மானியரான ரெகியோமொன்டானஸ் 1464இல் முக்கோணங்களைப் பற்றி ஐந்து பாகங்களில் ஒரு லத்தீன் நூல் எழுதினார். அது 1533இல் நூரம்பர்கில் அச்சேறியது. ஐரோப்பாவில் தள, கோள முக்கோணங்களை முறையாகக் கற்பித்த முதல் பெரும் பாடநூல் அதுவே. அத்தூஸீயின் நூலைப் பார்த்துத்தான் அவர் எழுதினார் என்று நாம் பேசியதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ள வழி வேறு. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவைச் சேர்ந்த ஜாபிர் இப்னு அஃப்லஹ், தாலமியின் நூலைத் திருத்தி எழுதியபோது மெனலாஸின் தேற்றத்தை விட்டு எளிய விதிகளைக் கையாண்டார். கிரிமோனாவின் ஜெரார்டு அதை லத்தீனில் பெயர்த்தார். ரெகியோமொன்டானஸின் கோளப் பகுதியில் ஜாபிரிடமிருந்து வந்தவை உள்ளன என்று 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான கார்டானோ சுட்டிக்காட்டினார். கடன் பெற்றவர் சொல்லாததை அவருடைய மண்ணைச் சேர்ந்தவரே சொல்லிவிட்டார்.

ரெகியோமொன்டானஸ் நூலின் முதற்பகுதியில் தள முக்கோணங்களை வைத்து, பின் கோளத்திற்குச் சென்றார். கோள முக்கோணத்திற்குரிய கொசைன் விதியையும் தந்தார். அவருடைய உழைப்பும் மெய்யானதே. 1595இல் பிடிஸ்கஸ் என்னும் ஜெர்மானியச் சமயப் போதகர் தம் பாடநூலுக்கு 'டிரிகனோமெட்ரியா' என்று பெயரிட்டார். கலைக்கு இன்று வழங்கும் பெயர் அவ்வாறு வந்தது. அத்தூஸீயின் நூலோ 1891இல்தான் இஸ்தான்புல்லில் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சானது.

நம் ஊரின் கணக்கு

இவற்றைப் படித்தபின் அந்த மாணவரையும் அவருடைய தோழர்களையும் அழைத்து அமரவைத்தோம். சென்னையை எடுத்துக்கொண்டோம். அதன் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. மக்காவின் அட்சரேகை ஏறத்தாழ 21.4 பாகை. இரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 40.5 பாகை. இனி நம் முன்னோர் காட்டிய வழியில் செல்வோம்.

மக்காவிலிருந்து சென்னையின் தீர்க்கரேகைக்குச் செங்குத்தாக ஒரு வில் இறக்குவோம். தீர்க்கரேகை வேறுபாட்டின் சைனையும் மக்காவின் அட்சரேகையின் கொசைனையும் பெருக்கினால் 0.605. அது செங்குத்து வில்லின் சைன், வில் 37.2 பாகை. அடுத்து, மக்காவின் அட்சரேகையின் சைனை இவ்வில்லின் கொசைனால் வகுத்தால் 0.458. ஆகவே செங்குத்து வந்து விழும் இடம் 27.3 பாகை வட அட்சரேகையில் உள்ளது. சென்னையிலிருந்து அது 14.3 பாகை வடக்கே. இந்த 14.3இன் கொசைனையும் 37.2இன் கொசைனையும் பெருக்கினால் 0.772, இது சென்னைக்கும் மக்காவுக்கும் இடையிலான வில்லின் கொசைன். அவ்வில் 39.5 பாகை, சுமார் 4,400 கிலோமீட்டர். இறுதியாக அல்முக்னீ: செங்குத்து வில்லின் சைனை இந்தத் தொலைவின் சைனால் வகுத்தால் 0.951. அதற்குரிய கோணம் 72 பாகை.

வடக்கிலிருந்து மேற்காக 72 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே. மேற்கு நோக்கி நிற்பவருக்கு வடக்கு வலப்பக்கம். அம்பு வலப்பக்கம் சாய்ந்ததன் காரணம் கரும்பலகையில் எழுந்து நின்றபோது, அந்த மாணவர் கைபேசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கின் முவக்கித்தான அல்கலீலீ இதே கணக்கை ஏறத்தாழ 3,000 இடங்களுக்குக் கையால் போட்டு அட்டவணையாக்கினார். அது 10 முதல் 56 பாகை வரையுள்ள அட்சரேகைகளுக்கு உரியது. நாகூரும் சென்னையும் அந்த எல்லைக்குள் அடங்கும். கீழக்கரையும் காயல்பட்டினமும் சற்றே வெளியே நிற்கும்.

இங்கு ஒரு விளக்கம் அவசியம். இதைப் படித்துவிட்டு எவரும் தம் மஹல்லாவின் ஸஃப்பைக் குறைகூறப் புறப்படவேண்டாம். தொலைவில் உள்ளோருக்குத் திசையை நோக்குவதே போதுமென ஹனஃபீ மத்ஹப் கூறுகிறது. கஅபாவையே நேராகக் கருதி நோக்கவேண்டுமென்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். ஐயம் எழுந்தால் ஆலிம்களிடமும் நிர்வாகத்திடமும் அமைதியாகப் பேசித் தீர்க்கலாம். இதைக் குழப்பத்திற்குக் கருவியாக்கக் கூடாது.

நாம் பெற்ற படிப்பினை

"முஸ்லிம்கள் கண்டுபிடித்தார்கள்" என்று இப்போது நாம் வகுப்பில் சொல்வதில்லை. மெனலாஸின் பெயரையும் ஆரியபட்டரின் பெயரையும் சொல்கிறோம். அதன்பின் அபூ நஸ்ரையும் அல்ஜய்யானீயையும் அத்தூஸீயையும் சொல்கிறோம். அடுத்து ரெகியோமொன்டானஸைச் சொல்கிறோம். இதனால் நம் முன்னோரின் மதிப்பு குறைந்ததாக மாணவர் எவரும் கருதவில்லை. கிடைத்த அமானத்தை யாரிடமிருந்து பெற்றோம் என்று மறைக்காமல், பெற்றதைவிடச் சிறப்பாக்கி ஒப்படைத்தார்கள் என்பதே அவர்களுக்குரிய உண்மையான புகழ்.

அந்தக் கிதாபுகளின் வாரிசுகள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ள உரிமை வேண்டுமானால், பெயர்களை மேடையில் முழங்கினால் போதாது. ஒரு கணக்கையேனும் நம் கையால் போட்டுப் பார்க்கவேண்டும். மத்ரஸாவின் வாரப் பாடத்தில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கியிருக்கிறோம். முதல் வாரம் மொட்டைமாடியில் ஒரு குச்சியை நட்டு, அஸர் வரை நிழலை அளந்தார்கள் மாணவர்கள். கேள்வி கேட்ட மாணவரிடமே அளவுநாடாவைக் கொடுத்தோம்.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவையும் தருவானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.